குர்லா ஸ்டேஷனில் வண்டி மாற வேண்டுமாம்!

அந்த ஒரு காரணத்தால் போன திங்கட்கிழமை, ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ரிசப்ஷனில் நின்றுகொண்டு கத்திவிட்டேன். ஏ.சி.யில் உட்கார்ந்திருந்த அத்தனை அம்மா அப்பாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

என் பெண் அபர்ணாவுக்கு பொலிட்டிகல் சயின்ஸ் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. திங்கள் மாலை ஐந்து மணிக்குள் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். இன்னொன்று கைவிட்டுப் போய்விடும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுப் பிள்ளை என்ன படிப்பது என்றாலும், மார்க் ஷீட்டோடு அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸுக்குப் போக வேண்டும். அங்கேதான் என் அக்காவின் கணவர் இருக்கிறார். அத்திம்பேர் விஞ்ஞானி. அவர் சொன்னால் அப்பீல் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். ரவா தோசை ஆயிற்று, காபி ஆயிற்று.

"பொலிட்டிகல் சயின்ஸா? பேர்லதான் சயின்ஸ் இருக்கு. சரி, போகட்டும். எந்த லைன்?" என்றார்.

இந்த மும்பையில் அப்படித்தான். பெண் பார்க்கப் போனாலும், வேலைக்குப் போனாலும் முதல் கேள்வி எந்த ரயில் லைன் என்பதுதான் — வெஸ்டர்னா, சென்ட்ரலா, ஹார்பரா? அத்திம்பேர் மார்க் ஷீட் ஜெராக்ஸின் பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டார். புதுப் பல்கலைக்கழகம் நவி மும்பையில். எங்கள் செம்பூரில் ஏறினால் ஹார்பர் லைனில் நேரே போய் இறங்கலாம். பழையது சென்ட்ரல் லைனில். குர்லாவில் இறங்கி வண்டி மாற வேண்டும்.

"குர்லாலயா? அந்த ஸ்டேஷன் பாலத்துல பீக் அவர்ல ஒரு பொண்ணு டெய்லி ஏறி இறங்கறதா? நெவர்! நவி மும்பைதான். முடிஞ்சுது."

அக்கா தலையாட்டினாள். என் கணவர் தலையாட்டினார். நானும்தான் ஆட்டினேன்.  அபர்ணாவை யாரும் கேட்கவில்லை.

பழையதுதான் வேண்டும் என்று ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் இன்னொரு வார்டு. சாக்கடை பொங்கினால் இரண்டு ஆபீஸும் கையை விரிக்கும். அது ஏன், இந்த எல்லையை யார் போட்டார்கள் என்று கேட்டு இரண்டு ஆபீஸுக்கும் நடையாய் நடந்த பெண் அவள். பன்னிரண்டாவதில் சயின்ஸ் படித்துவிட்டு ஏன் இதற்குப் போகிறாள் என்றால், காரணம் அந்தச் சாக்கடைதான்.

சரி, கண்ணாடிக் கட்டடத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டுகளோடு இரண்டு பேரும் நவி மும்பைக்குப் போனோம். கவுன்சலர் என்று ஒரு டை கட்டின இளைஞர். ஜிம் காட்டினார். காபி ஷாப் காட்டினார். அபர்ணா மெல்லக் கேட்டாள்:

"கான்ஸ்டிட்யூஷன் பேப்பர் யார் எடுப்பாங்க?"

"ஃபேகல்டி இன்னும் ஃபைனல் ஆகல. இப்போதைக்கு ஹெச்.ஆர். எடுக்கிற சார் மேனேஜ் பண்ணுவார்."

"லைப்ரரி?"

"எல்லாமே ஆன்லைன்!"

"இந்த கோர்ஸ்ல எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க?"

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். "யூ ஆர் தி ஃபர்ஸ்ட்!"

அப்போதுதான் கத்தினேன். வாத்தியார் இல்லை, புத்தகம் இல்லை, கூடப் படிக்க ஆள் இல்லை... பிறகு எதற்கய்யா நோட்டீஸ் அடித்து ஊரைக் கூப்பிடுகிறீர்கள்? பிள்ளைகளின் நாலு வருஷம் உங்களுக்கு விளையாட்டாகப் போய்விட்டதா? "டென்ஷன் மத் லீஜியே மேடம்" என்று, பதற்றப்படாதீர்கள் என்கிற மாதிரி, தண்ணீர் பாட்டில் நீட்டினார். பாட்டிலில் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சர்ட்டிஃபிகேட்டுகளை வாரிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தோம். வண்டியில் உட்கார்ந்த பிறகும் நான் பொரிந்து தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"பஸ் கரோ அம்மா, போதும்," என்றாள் அபர்ணா. "அந்த ஆள் மேல எதுக்குக் கத்தறே? நேத்திக்கு நீயும்தானே தலையாட்டினே?"

எனக்குச் சுருக்கென்றது.

"லெவன்த், ட்வெல்த்னு ரெண்டு வருஷம் மாட்டுங்கா காலேஜுக்கு எப்படிப் போனேன்னு நினைச்சிண்டிருக்கே? குர்லால மாறித்தான். டெய்லி. அப்போ பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னாரா? சயின்ஸுக்குப் போறச்சே அந்தப் பாலம் நன்னாத்தான் இருந்துது. இப்போ மட்டும் என்ன ஆச்சு?"

கோபம் முழுக்க என் மேலேயே திரும்பியது. தினமும் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தவள் நான். பாஸ் எடுத்துக் கொடுத்தவளும் நான். அத்திம்பேர் கோடு போட்டுக் காட்டியபோது இது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை? லைன் அல்ல, பாலம் அல்ல... இந்தப் படிப்பு எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லத் துணிச்சல் இல்லாமல், பழியைக் குர்லா மேல் போட்டோம். எவ்வளவு கோழைத்தனம்!

மணி மூன்று. செம்பூர் வந்தது. நாங்கள் இறங்கவில்லை. குர்லாவில் இறங்கினோம்.

ஹார்பர் லைனிலேயே வி.டி. ஸ்டேஷன் பக்கத்து ஆபீஸுக்கு இருபது வருஷமாகப் போய் வருகிறவள் நான். குர்லாவை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பாலத்தில் ஏறியதும் நாலா பக்கமும் கூட்டம்... எந்தப் படியில் இறங்குவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். அபர்ணா திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள். "இப்படி வா. ஓரமா நட. ஹேண்ட்பேக்கை முன்னாடி போட்டுக்கோ." லேடீஸ் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று பிளாட்பாரத்தில் சரியாக ஓரிடம் காட்டினாள். அங்கேயேதான் வந்து நின்றது.

நாலரை மணிக்குப் பழைய பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியானது.

ராத்திரி அத்திம்பேரிடமிருந்து போன். விஷயம் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

"என்ன காரியம் பண்ணினே? அந்தக் கூட்டத்துல குழந்தையை இழுத்துண்டு போனியா?"

"இல்லை அத்திம்பேர். குழந்தைதான் என்னை இழுத்துண்டு போச்சு."