சீனத்திக்குப் பதிஞ்ச கசற்

டக்.

இரண்டு பொத்தான்களை ஒன்றாய் அமுக்கினால்தான் அந்தச் சத்தம் வரும். சிவப்பும், அதற்குப் பக்கத்துக் கறுப்பும். கறுப்பை மட்டும் அமுக்கினால் பழையதைப் பாடும். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் பழையதை அழித்துக்கொண்டு புதியதைப் பதியும். போன சனிக்கிழமை, இங்கே டென்மார்க்கின் ஓகூஸ் நகரில், தேவாலய மண்டபத்துப் பழைய சாமான் சந்தையில், யாரோ ஒரு டேனிஷ்காரி ஒரு ரேப் றெக்கோடரைத் தூக்கி, இன்னும் வேலை செய்யுமா என்று அமுக்கிப் பார்த்தாள். டக். கையில் வைத்திருந்த பூச்சாடியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் நின்றேன். மழை. இந்த ஊரில் மழை விழுவதில்லை, காற்றில் தொங்கும். தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் நாங்கள் கடிதம் எழுதியது குறைவு. குரலைத்தான் அனுப்பினோம். ஒரு கசற்றின் இரண்டு பக்கமும் கதைத்து நிரப்பி, கொழும்புக்குப் போகும் யாரிடமாவது கொடுத்துவிட்டால் அது கைமாறிக் கைமாறி யாழ்ப்பாணம் போய்ச் சேரும். ஊரில் எல்லோரும் சுற்றி இருந்து கேட்பார்கள். பிறகு அதே கசற்றில், எங்கள் குரலை அழித்து, தங்கள் குரலைப் பதிந்து அனுப்புவார்கள். வந்த கசற்றைப் போட்டால் முதலில் கேட்பது கோழி. பிறகு சைக்கிள் மணி. பிறகு என் மனைவியின் மூச்சு. அவளுக்கு முட்டு வருத்தம். ஒரு வசனம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு விசில் போல, கதவிடுக்கில் நுழையும் காற்றுப் போல, அந்த மூச்சு வரும். அவள் சொன்ன செய்தியைவிட அதைத்தான் நான் கவனித்துக் கேட்டேன். இழுப்புக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று.

கூடித்தான் இருந்தது. அங்கே மருந்து வருவது நின்றுகொண்டிருந்தது. சண்டை நின்று பாதை திறந்தால் வரும், பூட்டினால் வராது. அவளை இங்கே எடுக்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை. அகதியாய் என்னை ஏற்றுக்கொண்ட நாடு மனைவியைக் கூப்பிட எனக்கு உரிமை தந்திருந்தது. விண்ணப்பம் போட்டாயிற்று. அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுப்பேன். மறுமுனையில் இனிமையான ஒரு பெண்குரல், ஒவ்வொரு முறையும் அதே இனிமையோடு, டேனிஷில் சொல்லும்: சேன் ஏ உன்னர் பிஹேன்லிங். உங்கள் விஷயம் பரிசீலனையில் இருக்கிறது. எனக்கு முதன்முதல் முழுதாய்ப் பாடமான டேனிஷ் வசனம் அதுதான். குளிக்கும்போது வாயில் வரும். சட்டி கழுவும்போது வரும்.

ஓம், சட்டி கழுவினேன். ஆற்றங்கரைக்குக் கிட்ட ஒரு சீன றெஸ்ரோறன்ரில். முதலாளி ஹொங்கொங்காரர். என் பக்கத்தில் நின்று முட்டைக்கோவா வெட்டியவள் சீனாவின் வடக்கே ஏதோ ஒரு குளிர் நகரத்திலிருந்து இங்கே பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவள். முதலாளியின் சீனமும் அவளுடைய சீனமும் ஒத்துவராது. இருவரும் உடைந்த ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பார்கள். நடுவில் நான், கையில் நுரையோடு, இரண்டு சீனருக்கும் மொழிபெயர்ப்பாளன்.

அவளுக்கு உதவிப்பணம் முடியப்போகிறது. கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டும். அதற்கு ஆங்கிலப் பரீட்சை. ஊரிலிருந்து அவளுடைய தமையன் ஒரு பயிற்சிப் புத்தகம் அனுப்பியிருந்தான். சீன மாணவர்களுக்கென்று அச்சடித்தது. தாள் எண்ணெய்க் கடதாசி மாதிரி, ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கம் தெரியும். இலக்கணம், வாசிப்பு எல்லாம் அவளுக்குத் தண்ணீர். கேட்டு விடை சொல்லும் பகுதிதான் சிக்கல். அதற்குரிய கசற்றுகள் புத்தகத்தோடு வந்து சேரவில்லை. யாரோ இரண்டு பேர் கதைக்கிற உரையாடல்கள் மட்டும் கடைசிப் பக்கங்களில் அச்சில் கிடந்தன.

"உன்னட்டை றெக்கோடர் இருக்கு. நீ வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டிலை படிச்சனி. நீ வாசி," என்றாள்.

"என்ரை இங்கிலிஷ் யாழ்ப்பாண இங்கிலிஷ்."

"இங்கிலிஷ்தானே?"

அவளுக்கு அது போதுமாய் இருந்தது. எனக்கும் போதும்தான். பின்னேரங்களை எதையாவது போட்டு நிரப்ப வேண்டியிருந்தது.

நானும் மட்டக்களப்பு அண்ணை ஒருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். மீன் பெட்டி அடிக்கும் வேலை அவருக்கு. அவருடைய மனுசியும் பிள்ளைகளும் பரிசீலனையில் இருந்தார்கள். குசினி மேசையில் றெக்கோடரை வைத்து, இரண்டு பொத்தானையும் அமுக்கி, நான் வாசிக்கத் தொடங்குவேன். ஆண் சொல்வதை என் குரலில். பெண் சொல்வதைக் கொஞ்சம் மெல்லிசாக்கி.

ஆண்: என் குடையைப் பேருந்தில் விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

பெண்: தொலைந்த பொருள் பகுதியில் விசாரித்தாயா?

கேள்வி: பெண் என்ன சொல்ல வருகிறாள்?

பிறகு ஏ, பி, சி, டி என்று நான்கு விடைகள். பிறகு அமைதி. மாணவர் விடை குறிக்க இடைவெளி விட வேண்டுமென்று புத்தகம் சொல்லியிருந்தது. விட்டேன்.

"ஏன்டா மச்சான் குரலை இப்பிடிப் பண்ணுறாய்?" அண்ணை வெங்காயம் வதக்கிக்கொண்டே கேட்பார். "பொம்பிளை கதைக்கிற மாதிரி இல்லை கா. பூனைக்கு வயித்துக்குத்து மாதிரிக் கிடக்கு."

"அண்ணை, சத்தம் போடாதேங்கோ. பதியுது."

"பதியட்டும். சீனத்தி என்ரை குரலையும் படிக்கட்டும். மறுகா கனடாவுக்குப் போய் மட்டக்களப்பு இங்கிலிஷ் கதைப்பாள்."

எனக்கு அந்தக் கேள்விகளுக்குள் போய் இருக்கப் பிடித்திருந்தது. அங்கே யாருக்கும் பெரிதாய் ஒன்றும் நடப்பதில்லை. ஒருவன் நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் பிந்திவிடுவான். ஒருத்திக்குத் தடிமன், மூக்கு ஒழுகும், விரிவுரைக்கு வரமாட்டாள். குடை தொலையும். பஸ் தவறும். இரண்டே வரியில் எல்லாம் சரியாகிவிடும். எந்தக் கேள்விக்கும் நான்கு விடை இருந்தது, அந்த நான்கில் ஒன்று நிச்சயமாய்ச் சரி. எங்கள் கேள்விக்கு இருந்ததோ ஒரே விடை. அது விடையே இல்லை.

மனைவிக்கும் ஒரு கசற் பதிந்து வைத்திருந்தேன். நீண்ட நாளாய்ப் பதியாமல் இழுத்து இழுத்துப் பதிந்தது. என்ன சொல்வது? பரிசீலனை. பனி. பரிசீலனை. பாதியில் குரல் உடைந்துபோய் நிறுத்தி மறுபடி தொடங்கியிருந்தேன். ஒரே பக்கற்றில் வாங்கிய ஒரே மாதிரிக் கசற்றுகள். மேலே எதுவும் எழுதும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஊரில் அழித்துத் திருப்பி அனுப்பப்போகிற கசற்றில் பெயர் எழுதி என்ன பயன்?

ஒரு நாள் வேலையால் வந்தபோது அண்ணை பெருமையாய்ச் சொன்னார்: "மச்சான், ஓல்போர்க்கில இருக்கிற நம்மட பொடியன் ஒருத்தன் கொழும்புக்குப் போறானாம். இந்த வழியால வந்தவன். நீ இல்லை. நான் உன்ரை கசற்றை எடுத்துக் குடுத்துட்டன்."

"எந்தக் கசற்?"

"மேசையில கிடந்தது."

மேசையில் இன்னொன்றும் கிடந்தது. அதை நான் அடுத்த நாள் சீனப் பெண்ணிடம் கொடுத்தேன்.

ஒரு கிழமை போனபின் அவள் கோவா வெட்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இது எந்தப் பகுதி? சரியான கஷ்டம். திருப்பித் திருப்பிக் கேட்டன். ஒரு சொல்லும் பிடிபடேல்லை. பெண் கதைக்கவே இல்லை. கேள்வியும் இல்லை."

எனக்கு விளங்கிவிட்டது. கையில் இருந்த தட்டைத் தண்ணீருக்குள் விட்டேன்.

"எண்டாலும் விடை எழுதினன்," என்றாள்.

"என்னெண்டு?"

"ஆண் மன்னிப்புக் கேக்கிறான். ஏதோ பிந்திப்போச்சு. அதுக்கு."

இந்த நாட்டில் அதுவரை என்னை யாரும் அவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. பின்கதவைத் திறந்து குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முதலாளி உள்ளேயிருந்து கத்தினார், குளிர் வருகிறது கதவைச் சாத்து என்று.

வேறொரு கசற்றில் விளக்கம் பதிந்து அடுத்துப் போன ஆளிடம் கொடுத்தேன். அது வழியில் எங்கோ நின்றுவிட்டது. முந்தினது போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணை மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. பிழை விட்ட ஆள் அவர், ஆனால் கோபித்துக்கொண்டதும் அவர்தான். நாலாம் நாள் நண்டுக்கறி வைத்து, "தின்னு. ஊரில உன்ரை மனுசி இங்கிலிஷ் படிக்கட்டுமே. வந்தால் உதவும்," என்றார். வந்தால் என்று சொன்னவர் நண்டின் பெரிய காலை உடைத்து என் தட்டில் வைத்தார்.

சீனப் பெண் கொப்பன்ஹேகனுக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். திரும்பி வந்து கத்தியை எடுத்துக் கோவா வெட்டத் தொடங்கினாள். "அங்கை கசற்றிலை கதைச்சவங்கள் ஒருத்தனும் உன்னை மாதிரிக் கதைக்கேல்லை," என்று மட்டும் சொன்னாள். கோபமாய்ச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. வசந்தம் வரமுதல் ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

அதன்பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் ரெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து. வெள்ளவத்தையில் ஒரு ரெலிபோன் கடை. எத்தனையோ காவலரண் தாண்டி, லொறியிலும் பஸ்சிலும் அந்த நெஞ்சோடு என் மனைவி அங்கே வந்திருந்தாள். ஏனென்றால் என் கசற்றைக் கேட்டதும் ஊரில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள்: இது டென்மார்க் விசாவுக்குக் கேட்கிற கேள்விகள். ஆண் ஒன்று சொல்கிறான், பெண் ஒன்று சொல்கிறாள், பிறகு கேள்வி, பிறகு விடை சொல்ல நேரம். வேறென்ன? கொழும்பில் விசாரணைக்குக் கூப்பிடப்போகிறார்கள், அதற்குத்தான் மனிசன் பாடம் அனுப்பியிருக்கிறான். புருஷன்மாருக்காகக் காத்திருந்த அயல்வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் அவளோடு இருந்து படித்தார்களாம். குடை. பஸ். நூலகம். தடிமன். எல்லாம் பாடம்.

அவள் பிறகு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போனாள். பாதை பூட்டியது. இங்கே, தமிழ் அகதிகளின் குடும்பக் கோப்புகளை மேலிடமே வேண்டுமென்று தொடாமல் அடுக்கி வைத்திருந்தது என்பது வெளியே வந்து, நாடு முழுவதும் அதைப் பற்றியே கதைத்தது. தொலைக்காட்சியில் பெரிய மனிதர்கள் வியர்த்தார்கள். அண்ணையின் மனுசியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்துக்கு நானும் போய்ப் பெட்டி தூக்கினேன். என் மனைவிக்கும் அனுமதி வந்தது. நல்ல கடதாசி, முத்திரை, கையெழுத்து. அது வந்தபோது, மருந்தில்லாத ஆஸ்பத்திரியில் ஒரு மாரி காலத்தில் அவளுடைய மூச்சு நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. கடதாசியை என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

அந்த ஞாயிறு ரெலிபோன்தான் கடைசி.

கம்பிக்குள் இரைச்சல். அதற்குள் விசில். முதலில் மூச்சு, பிறகுதான் குரல்.

"இஞ்சேருங்கோ, நான்தான்."

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கசற் மாறிப்போனது, அது விசாக் கேள்வி இல்லை, சீனப் பெண் ஒருத்தியின் பரீட்சைக்கு, ஒருவரும் கூப்பிடவில்லை, ஒன்றும் முடிவாகவில்லை.

ஒரு விசில் நீண்டு இழுபட்டது.

"தெரியும்," என்றாள். "இஞ்சை வந்து விசாரிச்சனான். அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு சொல்லிப்போட்டினம்."

"வீண் அலைச்சல் உமக்கு. உடனை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் நீங்கள் அழுவியள். சரி, பாடமாக்கினதை வீணாக்கக் கூடாது. கேளுங்கோ."

"என்னத்தை?"

"கேள்வியைத்தான். கோல் கட்டாகப் போகுது. கெதியாய்."

புத்தகம் சீனாவுக்குப் போய்விட்டது. எனக்கு ஒன்றுதான் ஞாபகம் வந்தது. குரலை மெல்லிசாக்க முடியவில்லை. குடையைப் பஸ்சில் விட்டிட்டன் போல. துலைஞ்ச சாமான் பகுதியில கேட்டனியோ? பெண் என்ன சொல்ல வாறா?

"பி. போய்க் கேட்டுப் பார் எண்டு சொல்லுறா." சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் விசிலாகி, நெடுநேரம் ஓயவில்லை. கடைக்காரன் ஏதோ சொல்வது கேட்டது.

"சரியோ?"

"சரி."

"ஒண்டு சொல்லட்டே? கேள்வி கேட்டிட்டு நீங்கள் பேசாமல் இருக்கிற இடத்திலை உங்கடை மூச்சுக் கேக்குது. அதுக்காண்டித்தான் திருப்பித் திருப்பிப் போட்டனான். பக்கத்து வீட்டுக்காரியள் படிக்கட்டும் எண்டு சொல்லிச் சொல்லி."

ரெலிபோனை வாய்க்கு இன்னும் கிட்டப் பிடித்தேன். அவளுக்கு அப்போதும் என் மூச்சுத்தான் கேட்டிருக்கும்.

"இன்னும் இருந்தால் பதிஞ்சு அனுப்புங்கோ," என்றாள். "நான் அங்கை வந்து சேருமட்டும் பாடமாக்கிக்கொண்டு இருக்கலாம்."

"அனுப்புறன். வையும்."

"நீங்கள் வையுங்கோ. நான் வைக்கமாட்டன்."