சிவப்பு மைக்கு விழுந்த அரியர்

கல்லூரியில் அவருக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். பொருளாதார விரிவுரையாளர். குடும்பத்திலேயே முதலில் கல்லூரிப் படியேறியவர். நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒருநாள் சும்மா இருந்தாலும் வாங்கிய பட்டத்தை யாரோ வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல ஒரு பயம் அவரை விட்டபாடில்லை. செமஸ்டர் முடிந்ததும் மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவார்கள்; இவர் விடைத்தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அவை முடிந்தால் அடுத்த செமஸ்டருக்கான பாடத்திட்டம். சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு மட்டும் இடம் இருக்காது.

"ஏங்க, லீவுன்னுதானே சொன்னீங்க?" என்பார் மனைவி.

"லீவுலதான் நிம்மதியா வேலை பாக்க முடியும்."

"நல்லாருக்கு! அப்போ காலேஜுல என்ன பண்றீங்க?"

இந்தத் தடவை வினை அந்த மேசையில்தான் விளைந்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், அப்பாவைப் படமாக வரைந்து, விடைத்தாள்களுக்கு நடுவே செருகிவிட்டு, ஆசையாகப் பக்கத்திலேயே நின்றாள். இவர் தலை நிமிரவில்லை. கை பழக்கத்தில் ஓடியது: 'முகம் எங்கே? கண், மூக்கு இல்லை. விடை முழுமையற்றது. பத்துக்கு மூன்று.'

அடுத்த தாளைப் புரட்டியபோதுதான் பொறி தட்டியது. பொருளாதாரத்தில் ஏது மூக்கு?

குழந்தை அழவில்லை. கலர் பென்சில் டப்பாவை மூடி அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, "இனிமே வரையவே மாட்டேன்" என்றாள்.

"தங்கம், அப்பா பாக்காம போட்டுட்டேன்டா. இந்தா, பத்துக்குப் பத்து!"

"முகமே இல்லையே. எப்படிப் பத்து?"

மார்க் விஷயத்தில் அப்படியே அப்பனை உரித்து வைத்திருந்தாள்.

"சரி, ஏன் முகம் போடல?"

"நீங்கதான் எப்பவும் மேசையப் பாத்தே உக்காந்திருக்கீங்களே. எனக்கு முதுகுதானே தெரியுது?"

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தார்: "சரியான விடைக்கு மூணு மார்க் போட்ட வாத்தியாரை இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

அந்த டப்பா மறுபடி திறக்காவிட்டால் தான் வாங்கிய பட்டத்துக்கே அர்த்தமில்லை என்று அவருக்குப் பட்டது. மறுநாள் முதல் ஓய்வு என்று முடிவெடுத்தார். எடுத்தவர் சும்மா இருந்தாரா? ஓய்வுக்கு ஒரு டைம்டேபிள் போட்டார். மனைவி அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தார்.

கெஞ்சிக் கூத்தாடியதில் மகள் இறங்கி வந்தாள். டப்பா வெளியே வந்தது, கூடவே நிபந்தனைகளும். பேனா கூடாது. போன் கூடாது. திரும்பக் கூடாது.

ஜன்னலோரம் நாற்காலி போட்டு, அவளைப் பார்த்து உட்கார்ந்தார். முதலில் விரல்கள் பேனாவைத் தேடித் துறுதுறுத்தன. பிறகு தோள் இறங்கியது. பிறகு குறட்டை.

கண் விழித்தபோது படம் தயார். மூக்கு இருந்தது. வாய் குகைபோல் திறந்திருந்தது. கண்ணிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள்.

"கண்ணு எங்கம்மா?"

"தூங்கிட்டீங்களே! ஃபெயில். நாளைக்கும் உக்காரணும். அரியர்." அவர் போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்த வார்த்தை மனப்பாடம்.

மறுநாள் அவர் மறுபடி உட்கார, அவள் வரையத் தொடங்கிய நேரம் பார்த்துத் துறைத்தலைவர் அழைத்தார். மகளிடம் கண்ணாலேயே அனுமதி வாங்கிக்கொண்டு போனை எடுத்தார்.

"என்னப்பா, பாடத்திட்டம் நாளைக்கு வந்துருமா?"

"லீவு முடிஞ்சுதான் சார்."

"உனக்கா லீவு? அப்படி என்னப்பா வேலை?"

"அரியர் எழுதணும் சார்."

போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்பா, ஆடாதீங்க" என்றாள் மகள்.