ஒரு டுங்கியும் இரண்டு பதிப்பகங்களும்

டுங்கி என்பது தமிழ்ச் சொல் இல்லை என்று எனக்கு நாற்பத்து நான்கு வயதில்தான் தெரிந்தது. அந்தமான் தீவில் பிறந்து வளர்ந்தவனுக்கு, கடலில் போகும் சின்னப் படகு டுங்கிதான். அப்பா அப்படித்தான் சொன்னார், மீன்காரரும் அப்படித்தான் சொன்னார். ஆகவே அது தமிழ் என்று நினைத்திருந்தேன். நான் மொழிபெயர்த்த ஒரு கடற்கொள்ளைக் காமிக்ஸில் அதைப் பத்து இடத்தில் போட்டிருந்தேன். மெயின்லேண்டில் இருக்கும் என் பதிப்பாசிரியர் பத்தையும் அடித்துவிட்டுப் 'படகு' என்று எழுதினார்.

போர்ட் பிளேர் விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடைக்கு மேலேயே வீடு. விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்வது எங்கள் குடும்ப வழக்கம். வெளிநாட்டுக் காமிக்ஸைத் தமிழாக்குவது என் இன்னொரு வேலை.

அந்தத் தொழிலுக்கு இப்போது நல்ல காலம். சின்ன வயதில் காமிக்ஸ் படித்து உதை வாங்கியவர்கள் எல்லாம் சம்பாதிக்க ஆரம்பித்து, கெட்டி அட்டைப் புத்தகங்களை முன்பதிவு செய்து வாங்குகிறார்கள். விற்பனை ஏறியதும் ஒரே பதிப்பகமாக இருந்தது இரண்டாக உடைந்தது. ஒரே ஊரில் இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்துகொண்டு, இவர் ஒரு கௌபாய் போட்டால் அவர் இரண்டு கௌபாய் போட்டார். கதை உரிமை, அச்சகம், மொழிபெயர்ப்பாளர் என்று எல்லாவற்றுக்கும் இழுபறி. என் பதிப்பாசிரியர் எனக்கு விதித்த நிபந்தனை ஒன்றுதான். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

நான் படுக்கவில்லை. ஆனாலும் ஒரு நாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், அவங்க புது புக்குல முப்பத்தோராம் பக்கம் டுங்கி வருது."

"வந்தா என்ன சார்?"

"தமிழ்நாட்டுல எந்த மொழிபெயர்ப்பாளருக்கு சார் டுங்கி தெரியும்?"

நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். அப்படியானால் யார் என்று கேட்டார். அது தெரியும்வரை நானூறு பக்கக் கௌபாய்த் தொகுப்பை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். மூன்று வருடமாக நான் கெஞ்சிக் கேட்ட புத்தகம் அது. அடுத்த மாதம் கைக்கு வருவதாக இருந்தது.

தீவில் என்னளவு காமிக்ஸ் பைத்தியம் இன்னொருவர்தான் உண்டு, வடக்கே வெகுதூரத்தில், மாயாபந்தரில் வேலை பார்க்கும் ஒரு தமிழாசிரியர். நல்ல நண்பர். அந்தக் காலையிலிருந்து எனக்கு அவர் நண்பர் இல்லை. போர்ட் பிளேர் வரும்போதெல்லாம் என் மேஜையை ஏன் அப்படி உற்றுப் பார்த்தார்? போன முறை அந்தப் பதிப்பகத்தை ஏன் புகழ்ந்தார்? போன் போட்டுச் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"சின்னப் படகுக்கு உங்க வீட்ல என்னன்னு சொல்லுவீங்க?"

"தூத்துக்குடிக்காரன்ட்ட கேக்க கேள்வியா இது? வள்ளம். ஏன், வாங்கப் போறீங்களா?"

சந்தேகம் முழுதாகப் போகவில்லை. டுங்கி வந்த அந்தப் புத்தகம் அவரிடம் இருந்தது. பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னேன்.

என் மனைவியும் தீவில் பிறந்தவள்தான், பக்கத்துச் சௌல்தாரிக்காரி. என் மொழிபெயர்ப்பை முதலில் பென்சிலோடு படிப்பவள் அவள்தான். ஒருமுறை, துப்பாக்கி தண்ணீரில் விழுந்தால் 'தொப்' என்று கேட்காது, 'ப்ளுக்கடி' என்றுதான் கேட்கும் என்று சண்டை பிடித்தாள். சிரித்தேன். இவ்வளவு திருத்துகிறேனே, என் பேரையும் போடச் சொல்லுங்கள் என்றாள். அதற்கும் சிரித்தேன்.

மறுநாள் புத்தகம் வந்தது. அந்தப் பதிப்பகத்தில் மொழிபெயர்த்தவர் பேரைப் போடுவதே இல்லை. கடையில் நின்றபடியே முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினேன். டுங்கியில் ஒரு வில்லன். அவன் கையிலிருந்து துப்பாக்கி நழுவித் தண்ணீரில் விழுகிறது. கட்டம் முழுக்கப் பெரிய எழுத்தில், 'ப்ளுக்கடி!'

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு மாயாபந்தர்வரை நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அவள் பக்கத்தில் யாருடைய ஆதார் கார்டையோ லேமினேட் செய்துகொண்டிருந்தாள். புத்தகத்தை விரித்து மெஷின் மேல் வைத்தேன்.

"எத்தனை புக்?"

"மூணு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அரே, சொன்னா சிரிப்பீங்க. அவ்ளோதான்."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். மேலே விமானம் இறங்கியது. அது போய்ச் சத்தம் அடங்குவதற்குள் என் கோபமும் அடங்கி, வெட்கம்தான் மிஞ்சியது. அந்த முப்பத்தோராம் பக்கம் நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் பதிப்பாசிரியர் மறுபடியும் கூப்பிட்டார். ஆள் தெரிந்ததா என்றார். நான் அவளைப் பார்த்தேன். தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"சொல்லுங்க. பேரோட சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.

"இனிஷியலும் சொல்லுங்க. உங்களோடது இல்ல, எங்கப்பாவோடது."

அதையும் சொன்னேன். நானூறு பக்கமும் போயிற்று என்று நினைத்தேன்.

"போனை அவங்ககிட்ட குடுங்க சார்" என்றார் அவர்.

இப்போது அந்தத் தொகுப்பை அவள்தான் மொழிபெயர்க்கிறாள். பேரும் இனிஷியலும் அட்டையிலேயே வர வேண்டும் என்று சொல்லி வாங்கிவிட்டாள். அந்தப் பதிப்பகத்துக்கும் எழுதுகிறாள். தலைவைத்தும் படுக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பற்றிப் பதிப்பாசிரியர் அவளிடம் மூச்சுகூட விடவில்லை. பென்சிலோடு படித்துத் திருத்துவது இப்போது நான்.

என் பேரும் எங்காவது ஒரு மூலையில் வருமா என்று போன வாரம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"கேட்டுப் பாக்குறேன்" என்றாள்.