கிளாலிக் கரையில் மூன்று நாட்கள்

வானொலி கேட்க வேண்டுமென்றால் அப்போது எங்கள் வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மின்சாரம் நின்று நெடுநாளாகிவிட்டது. கடைகளில் பற்றரி இல்லை. சீற்றையும் ஹாண்டிலையும் நிலத்தில் ஊன்றி, பெடலை ஒரு கையால் சுற்றிக்கொண்டே இருந்தால் டைனமோவில் வருகிற மின்சாரத்தில் வானொலி முனகத் தொடங்கும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதச் செவ்வாய்க்கிழமை காலை அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான், வங்காள விரிகுடாவில் இருந்த தாழமுக்கம் சூறாவளியாகி வடக்குக் கரையை நோக்கி வருகிறதென்று கேட்டேன். கையை நிறுத்தவில்லை. முழுவதையும் கேட்டு முடித்தேன்.

என் கணவர் அன்று வழியில் இருந்தார்.

அவர் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் படவரைஞர். காணி வரைபடங்களைக் கோடு பிசகாமல் வரைகிற மனிதருக்கு வலது கண்ணின் விழித்திரை கிழிந்துவிட்டது. கொழும்புக்குப் போனால்தான் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று வைத்தியர் சொன்னார். போரில் தரைவழி அடைபட்டிருந்த காலம். குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு இன்னொருவர் பிணையாக இங்கே நிற்க வேண்டும். அவருக்குப் பிணை நின்றது நான். அதனால்தான் ஒற்றைக் கண்ணோடு அவரைத் தனியே அனுப்ப வேண்டி வந்தது. பாஸ் கொடுக்கிற கந்தோரில் கையெழுத்துப் போட்டபோது என் பேனை கடதாசியைக் கிழித்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன், "மெல்லமா எழுதுங்கோ ரீச்சர்" என்று இன்னொரு கடதாசி தந்தான். அதிலும் அப்படித்தான் எழுதினேன்.

சத்திரசிகிச்சை முடிந்ததென்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். கண்ணைக் கட்டியிருக்கிறார்கள், குலுங்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, திங்கட்கிழமை வெளிக்கிடுகிறேன், கிளாலியால் வருவேன். இவ்வளவுதான். வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. கிளாலிப் பாதை என்பது கடனீரேரியை இருட்டில் சின்னப் படகுகளில் கடப்பது. இயந்திரம் பூட்டிய ஒரு படகின் பின்னால் நாலைந்து படகுகளைக் கயிற்றில் கோத்து இழுத்து வருவார்கள். கடற்படை கண்டால் சுடும். அதில் குலுங்காமலும் நனையாமலும் வருவதற்கு அவர் என்ன சட்டைப்பைக்குள் மடித்து வைக்கிற கடிதமா?

எங்கள் வீடு கொழும்புத்துறையில், கரைக்குப் பக்கத்தில். அன்று பின்னேரமே வள்ளங்களை எல்லாம் தரையில் இழுத்துப் பனைகளோடு கட்டத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா பாயையும் பானையையும் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் என் படலை வாசலில் நின்றாள்.

"நீரும் வாரும். இஞ்ச தனிய இருந்து என்ன செய்யப்போறீர்? அவருக்கு ஒரு நேத்தி வைச்சிட்டு வாரும்."

"கடவுளோடை நான் இப்ப கதைக்கிறேல்லை, அக்கா."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "உப்பிடிச் சொல்லாதையும். உமக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. அந்த மனிசனுக்கும் ஒண்டு நடந்தால்…"

"நடக்காது."

"எப்பிடிச் சொல்லுவீர்?"

"வாறன் எண்டு எழுதியிருக்கிறார்."

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை. செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கிற பார்வை அது.

புதன்கிழமை விடிந்தபோது காற்று ஊளையிடத் தொடங்கியிருந்தது. என் அண்ணை மானிப்பாயிலிருந்து சைக்கிளில் நனைந்து வந்து சேர்ந்தார். முற்றத்தில் கால் வைத்ததுமே, "வெளிக்கிடு, எங்கடை வீட்டை போவம். கடல் ஏறினால் உந்த வீடு நிக்காது" என்றார்.

நான் ஏற்கெனவே வெளிக்கிட்டு நின்றேன். சைக்கிள் கரியரில் ஒரு பொலித்தீன் விரிப்பு, மாற்றுச் சேட்டு, பனங்கட்டி, ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீர்.

"நான் கிளாலிக்குப் போறன், அண்ணை."

"உனக்கென்ன விசரே? உந்தக் காத்துக்குள்ளையோ? நீ போய்க் காத்தை மறிக்கப்போறியோ?"

"மறிக்கேல்லை. அவர் இறங்கேக்கை கண் தெரியாமல் தடுமாறுவார். கூட்டிக்கொண்டு வரப்போறன்."

"வராட்டி?"

"வராட்டி வருமட்டும் நிப்பன்."

அண்ணைக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார்.

செம்மணி வெளியில் ஏறி ஓட முடியவில்லை. இரண்டு பக்கமும் மறைப்பில்லாத உப்பு வெளி. காற்று சைக்கிளைப் பிடுங்கியது. இறங்கித் தள்ளினோம். எதிரே வந்தவர்கள் எல்லாம் காற்று முதுகில் பிடித்துத் தள்ள, ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நின்று, "எங்கை போறியள்? புயல் வருகுது, திரும்புங்கோ!" என்று கத்தினார். "தெரியும்!" என்று நானும் கத்தினேன். வேறு நேரமென்றால் அப்படி முகம் தெரியாத ஆம்பிளையிடம் குரல் உயர்த்தியிருக்க மாட்டேன். அன்று கத்தியது நன்றாக இருந்தது. நெஞ்சுக்குள் இருந்த ஏதோ ஒன்று அதோடு வெளியே போனது.

கொடிகாமம் தாண்டி, மிருசுவிலில் திரும்பி, கிளாலிக் கரையை அடைந்தபோது பின்னேரமாகிவிட்டது. கரை வெறிச்சோடிக் கிடந்தது. படகுகளைத் தாழம்பற்றைக்குள் இழுத்து வைத்திருந்தார்கள். கொட்டிலில் பொறுப்பாக ஓர் இளைஞர் இருந்தார். முகம் களைத்திருந்தது.

"படகு ஒண்டும் ஓடாது, அக்கா. முந்தநாளே நிப்பாட்டியிருக்க வேணும்."

"நேற்று ஓடினதோ?"

அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த படகோட்டிதான் சொன்னார். முந்திய இரவு மறுகரையிலிருந்து கடைசியாக ஒரு படகுத் தொடர் வெளிக்கிட்டதாம். பாதி வழியில் அலை எழும்பிக் கயிறு அறுந்துபோனதாம். மற்றப் படகுகள் வந்து சேர்ந்துவிட்டன. வாலில் கட்டியிருந்த ஒன்று மட்டும் வரவில்லை.

"அதிலை கண்ணுக்குக் கட்டுப் போட்ட ஒருத்தர் இருந்தவரோ?" என்று கேட்டேன்.

படகோட்டி அண்ணையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஓம். கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தவர். நான்தான் கை பிடிச்சு ஏத்தினனான்."

அண்ணை என் தோளைப் பிடித்தார். நான் விழப்போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் விழவில்லை.

வராத படகின் ஆட்களுக்காகக் காத்திருந்தவர்களைப் பக்கத்துப் பாடசாலைக் கட்டிடத்தில் இருக்கச் சொன்னார்கள். ஏழெட்டுப் பேர். ஒருத்தி என் வயதுதான். தகப்பனுக்காகக் காத்திருந்தாள். அவர் வவுனியாவில் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவள் அழுதழுது குரல் கட்டிப்போயிருந்தது. ஒரு மனிதர், "உந்தக் கடலிலை போனது போனதுதான்" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"ஆரும் போகேல்லை" என்றேன். "கண்ணாலை கண்டனீங்களோ? காணாமல் ஏன் கதைக்கிறியள்?"

அண்ணை என் கையை இழுத்தார். "சும்மா இரு. அவையளும் நொந்துபோய்த்தான் இருக்கினம்."

"நொந்தால் நோகட்டும். கொள்ளி வைக்க வேண்டாம்."

அன்றிரவு சூறாவளி வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. ஓடுகள் பறந்தன, பனைகள் முறிந்தன, நாங்கள் மேசைகளுக்குக் கீழே இருந்தோம். விடிந்தபோது புயலின் நடு வெகுதூரம் தெற்காலே இறங்கிப் போய்விட்டதென்றும் எங்களுக்கு ஓரம்தான் பட்டதென்றும் சொன்னார்கள். அந்த ஓரமே போதும்.

காலையில் அண்ணை மானிப்பாய்க்குத் திரும்ப வேண்டியிருந்தது. வீட்டில் மச்சாளும் பிள்ளைகளும் தனியே. "நீயும் வா" என்று கடைசியாக ஒருமுறை கேட்டார். நான் தலையசைத்து மறுத்தேன். போகும்போது தன் சால்வையைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டார். அப்போதுதான் அவருடைய கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அவரும் மனதுக்குள் என் கணவரைப் புதைத்துவிட்டார் என்று விளங்கியது. அதற்காக அவரை மன்னிக்கச் சில மாதங்கள் ஆயின.

நான் நேரே கரைக்குப் போய் அந்தப் படகோட்டியைத் தேடிப் பிடித்தேன். அவர் ஓட்டை விழுந்த படகொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறு அறுந்தது எவ்வளவு தூரத்திலை?"

"பாதிக்குக் கொஞ்சம் இஞ்சாலை."

"அப்ப காத்து எந்தப் பக்கம்?"

"வாடை. நல்ல வாடை."

ஈர மணலில் ஒரு தடியால் கோடு போட்டேன். நான் கணிதம் படிப்பிக்கிறவள். கோடு போடாமல் எனக்கு யோசிக்க வராது. இது எங்கள் கரை, இது மறுகரை, வாடைக்காற்று இப்படி வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. இயந்திரமில்லாத படகை அது எங்கே தள்ளும்? தென்மேற்கே. தென்மேற்கே என்ன இருக்கிறது? வெளிக்கடல் இல்லை. மறுகரையின் கண்டல் காடுதான்.

"அங்க தண்ணி எவ்வளவு ஆழம்?"

"இடுப்பளவு. சில இடத்திலை முழங்கால்." அவர் எழுந்து நின்று கோட்டைப் பார்த்தார். "ஓம் ரீச்சர். எனக்கும் உதுதான் மனசிலை. சொல்லப் பயமாயிருந்தது. சொன்னபடி நடக்காட்டி என்னைத்தானே பிடிப்பினம்."

"நான் சொல்லுறன். என்னைப் பிடிக்கட்டும்."

பாடசாலைக்கு வந்து எல்லோருக்கும் சொன்னேன். தகப்பனுக்காகக் காத்திருந்தவளின் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கடை அப்பா வருவார். அவரும் என்ரை மனிசனும் சேர்ந்துதான் வருவினம்" என்றேன். அவள் இரண்டு நாட்களுக்குப் பிறகு முதன்முதலாக ஒரு வாய் சாப்பிட்டாள். என் பனங்கட்டியைத்தான் கடித்துத் தேத்தண்ணீர் குடித்தாள். உண்மையைச் சொன்னால், அவளுக்குச் சொன்ன அளவு உறுதி எனக்குள் இருக்கவில்லை. கோடு சரியாக இருந்தது. ஆனால் காற்றும் அந்தக் கோட்டின்படியே அடித்ததா என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் படகுச் சத்தம் கேட்டது. கரைக்கு ஓடினேன். மூன்று படகுகள். இரண்டாவது படகில் அவர் இருந்தார். வேட்டி சேற்று நிறம், தாடி வளர்ந்திருந்தது, கறுப்புக் கண்ணாடியைக் காணவில்லை. கண் கட்டுக்கு மேலே ஒரு பொலித்தீன் பையைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார்.

நான் தண்ணீருக்குள் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"நீரோ?" என்றார். "நீர் எப்பிடி இஞ்ச?"

"வேறை ஆர் வருவினம்?"

படகு கண்டலில் சொருகியதாம். இருட்டில் எல்லோரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து கரையேறியிருக்கிறார்கள். இவர் தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டே நடந்திருக்கிறார். ஒரு கமக்காரர் தன் நெல்லுக் கொட்டிலில் அவர்களை வைத்திருந்திருக்கிறார்.

எனக்குப் பின்னாலிருந்து, தகப்பனுக்காகக் காத்திருந்தவள் கூப்பிட்டாள். "என்ரை அப்பா எங்கை?"

என் கணவர் மூன்றாவது படகைப் பார்த்தார். அந்த முதியவரும் கரையேறியிருந்தார். ஆனால் குளிர் விடவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் என் கணவரின் மடியில்தான் உயிர் போயிருக்கிறது. ஒரு பாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

நான் அவளிடம் போனேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அவள் என் தோளில் முகத்தை வைத்து, "சாப்பிட வைச்சிட்டியள், அக்கா" என்று மட்டும் சொன்னாள். அது குற்றச்சாட்டா நன்றியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் இன்னொரு முறை அப்படி ஒரு கூடத்தில் இருக்க நேர்ந்தாலும், போனது போனதுதான் என்று யாரையும் சொல்ல விடமாட்டேன்.

அவளுடைய ஆட்கள் வந்து சேரும் மட்டும் நின்றோம். பிறகு அவருக்கு மாற்றுச் சேட்டைப் போட்டுவிட்டு, பொலித்தீன் விரிப்பை மடித்துக் கரியரில் மெத்தைபோல வைத்தேன்.

"ஏறுங்கோ."

"நானோ? பின்னுக்கோ?" அவருக்கு வெட்கம். "சனம் பார்க்கும். நான் மிதிக்கிறன், நீர் இரும்."

"டொக்டர் உங்களை மிதிக்கச் சொன்னவரோ? ஏறுங்கோ."

கணவன் மிதிக்க மனைவி பின்னால் இருந்து போவதைத்தான் எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. கொடிகாமச் சந்தியில் முறிந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கோடரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன், "அண்ணை, நல்ல சவாரி!" என்று கத்தினான். "நீயும் ஒண்டைக் கட்டு, கிடைக்கும்!" என்று நான் திருப்பிச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து என் கணவரும் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட அவருடைய சிரிப்பு. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முன்னுக்கு இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. மிதித்துக்கொண்டே அழுது முடித்தேன்.

அந்த வலது கண்ணுக்குப் பார்வை பிறகும் முழுதாகத் திரும்பவில்லை. வெளிச்சமும் நிழலும் தெரிந்தன, எழுத்துத் தெரியவில்லை. இடது கண்ணை வைத்துக்கொண்டு, ஓய்வு பெறும் வரை அவர் கோடு வரைந்தார்.

அன்று பின்னேரம் செம்மணி வெளிக்கு வந்தோம். வீதிக்கு மேலாலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் தார் முடிகிறது, எந்த இடத்தில் பள்ளம் தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"இறங்கட்டோ?" என்று கேட்டார்.

"இருங்கோ" என்றேன், வீதியோரமாக நின்ற தந்திக் கம்பங்களின் வரிசையைப் பார்த்துக்கொண்டு தண்ணீருக்குள் மிதித்தேன்.