மீன் எண்ணெய் மாத்திரை

என் மகளுக்கு டிஸ்லெக்சியா, எழுத்துகளை வாசிக்கத் தடுமாறும் குறைபாடு என்றார் கொல்கத்தா பாலிகஞ்ச் டாக்டர். உடம்பு சில கொழுப்புகளைச் சரியாகப் பயன்படுத்தாததும் காரணமாக இருக்கலாம், நிச்சயமில்லை என்று சொல்லி மீன் எண்ணெய் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முட்டைகூட நுழையாத வீடு எங்களுடையது. பாட்டிலைச் செருப்பு அலமாரியில்தான் வைத்தேன்.

"மீனே சாப்பிடாட்டா மூளை எப்படி வேலை செய்யும்?" என்றாள் நாங்கள் காக்கிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் எதிர் ஃப்ளாட் பெங்காலிக்காரி. சைவமாய்ப் பிறந்ததற்கே எனக்கு எரிச்சல் வந்தது. மகள் மாதக்கணக்கில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். வாசிப்பில் ஒரு மாற்றமும் இல்லை.

அடுத்த முறை டாக்டரிடம் காத்திருந்தபோது, பக்கத்திலிருந்த பெங்காலி அம்மாவின் கையிலும் அதே பாட்டில்.

"உங்க பையன் மீன் சாப்பிடுவானா?"

"மீன் இல்லேன்னா அவனுக்குச் சோறே இறங்காது."

எங்கள் பிள்ளைகள் இருவரும் ஒரே புத்தகத்தைப் புரட்டிப் படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.