அயர்லாந்துக்குப் போன பழுப்புகள்

1979-ல் அயர்லாந்துத் தபால்காரர்கள் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். டெலிபோனும் டெலக்ஸும் கூடவே படுத்துக்கொண்டன. அவர்கள் நியாயம் அவர்களுக்கு. ஆம்பூரில் நான் என்ன பாவம் செய்தேன்?

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, தோல் கம்பெனி ஒன்றில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். சாயம் ஏற்றிய தோலில் ஒரு துண்டு நறுக்கி வெளிநாட்டு வியாபாரிக்கு அனுப்புவோம். அவர் அதன் முதுகில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினால்தான் மொத்தத் தோலும் சாய டிரம்முக்குள் போகும்.

"அயர்லாந்துக்காரன் கையெழுத்து வரட்டும், உன் வேல நிரந்தரம்னு நானும் கையெழுத்து போடறேன்" என்றார் முதலாளி.

ஒரு பழுப்புத் துண்டு போனது. பதில் இல்லை.

"கலர் புடிக்கல போல."

சாய மாஸ்டர் கொஞ்சம் சிவப்பைக் கூட்டினார். இரண்டாவது பழுப்பு போனது. அதற்கும் பதில் இல்லை.

"உன் இங்கிலீஷ்தான் புடிக்கலையோ இன்னாவோ!"

வேலைநிறுத்தச் செய்தி வந்திருந்த பேப்பரை எடுத்துப்போய்க் காட்டினேன்.

"மாசக்கணக்குல தபாலே வராத ஊரு எங்கனா இருக்குமா? உன் இங்கிலீஷ மறைக்க பேப்பர தூக்கினு வர்றியா?"

வாரத்துக்கொரு பழுப்பு போய்க்கொண்டே இருந்தது. மாஸ்டர் தினமும் வாசலில் மறித்தார்: "இன்னா சார், பொண்ணு வூட்லருந்து பதில் வந்துச்சா?"

ஜூலையில் எல்லாப் பழுப்பும் ஒரே பார்சலில் திரும்பின. ஒவ்வொன்றின் முதுகிலும் கையெழுத்து! 'எல்லாமே அழகு. எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.'

முதலாளி துண்டுகளை என் பக்கம் தள்ளினார். "நீதான எழுதின? நீயே எடு. சரக்கு திரும்பி வந்துச்சுன்னா நீயும் வூட்டுக்கு போய்டு."

எனக்குத் தெரிந்த ஒரே பழுப்பு டீ. அதன் ஜாடையில் இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

சரக்கு கப்பலேறியது. செப்டம்பரும் முடியப்போனது. ஒரு வார்த்தை இல்லை. மாதா கோயிலுக்குத் தவறாமல் போகும் மாஸ்டர் சேதி கொண்டுவந்தார்.

"அங்க போப்பாண்டவர் வந்திருக்காராம் சார். ஊரே அவர பாக்க போய்ட்டுது. உங்க தோலை எவன் பாப்பான்?"

தபால்காரர் எட்டிப்பார்க்காத ஊருக்குப் போப்பாண்டவரே போகிறார். என்னத்தைச் சொல்ல!

அவர் ரோமுக்குத் திரும்பிய பிறகுதான் கடிதம் வந்தது. சரக்கு பிரமாதமாம். முதலாளி என் நிரந்தர உத்தரவில் கையெழுத்திட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டு மீதியைப் படித்தேன்: 'அடுத்த முறை இதையே கறுப்பில் தர முடியுமா?'

முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டார். "கறுப்புல எத்தினி கறுப்பு இருக்குது நம்மகிட்ட?"

"கேட்டாக்க ஏழெட்டு தருவேன் மொதலாளி."

உத்தரவைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு தட்டச்சு எந்திரத்தில் தாளைச் செருகினேன்.