இரண்டு பத்திரிகைக் கட்டுகள்

ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயரை ஒட்டிய அந்த அப்பார்ட்மெண்டில் ஹீட்டர் நின்றாலும் குழாய் ஒழுகினாலும் ரிமாஸைத்தான் கூப்பிடுவார்கள். லிதுவேனியாக்காரன், கிரீன் கார்டு லாட்டரியில் வந்தவன். வீரன் என்று அவனைச் சொன்னால் அது மிகை.

இளவயதில் அவனைச் சோவியத் ராணுவம் கட்டாயமாகச் சேர்த்துக்கொண்டது. தன் நாட்டை விழுங்கியவர்களின் சீருடையில் வோல்கா கரையில் ஒரு முகாமில் இருந்தான். தொண்ணூற்றொன்று ஜனவரியில் அவன் ஊரான வில்னியஸில் டாங்கிகள் புகுந்தன. முகாமில் அரசியல் வகுப்பெடுக்கும் அதிகாரி தினமும் பத்திரிகையை அவன் கையில் கொடுத்தார். லிதுவேனியர்கள் பாசிஸ்டுகள் என்பதை ஒரு லிதுவேனியன் வாயாலேயே எல்லோரும் கேட்க வேண்டுமாம். டாங்கிக்கு எதிரே நின்ற கூட்டத்தில் அவன் அம்மாவும் இருந்திருக்கலாம். ஆனாலும் வாசித்தான். திக்காமல் வாசித்தான்.

பக்கத்துக் கட்டிலில் படுக்கும் துர்சுன், உஸ்பெக்காரன், சொன்னான்: "வாசிடா. வாய்தானே, தேஞ்சா போயிடும்?"

நன்றாக வாசித்ததற்குப் பலன் இருந்தது. ரயில் நிலையத்திலிருந்து பத்திரிகைக் கட்டுகளை எடுத்துவரும் வேலையை அதிகாரி நம்பி அவனிடம் விட்டார். துணைக்குத் துர்சுன். ஒருநாள் மேற்கே போகும் ரயில் நின்றிருந்தது. துர்சுன் தன் அண்ணன் வேலை செய்யும் பஞ்சாலையின் ஃபோன் நம்பரை மட்டும் சொன்னான். பிறகு இரண்டு கட்டுகளையும் தோளில் ஏற்றிக்கொண்டு முகாமை நோக்கி நடந்தான். ரிமாஸ் ரயிலேறினான்.

கூட வந்தவனைத் தப்பவிட்டவனுக்கு என்ன நடந்திருக்கும்? நம்பர் மறக்கவில்லை, ஆனால் ஏழு வருடமாக அவன் கூப்பிடவில்லை. கேட்காதவரை துர்சுன் நலமாக இருந்தான்.

தேங்ஸ்கிவிங் அன்று மாடி வீட்டு டாக்டர் நகுலேஸ்வரன் அவனைச் சாப்பிட அழைத்தார். அவர் மனைவி பத்மராணி வான்கோழியை யாழ்ப்பாணத் தூள் போட்டுச் சமைத்திருந்தாள். யாருக்கு நன்றி சொல்வீர்கள் என்று மகள் லக்ஷிகா ஒவ்வொருவராகக் கேட்டாள். ரிமாஸ் துர்சுனைச் சொன்னான்; கூப்பிடாமலே வைத்திருக்கும் நம்பரையும் சொன்னான்.

"அந்த ஆள் இஞ்சையே இருக்கிறார்? எங்களுக்குச் சொல்லி என்ன பிரயோசனம்?" என்றாள் பத்மராணி.

"செத்திருந்தால்?"

"அழுறதுக்காவது தெரியவேணும், தம்பி."

நகுலேஸ்வரன் வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டை நீட்டினார். "கொழும்புக்கு வாங்கினது. அங்கையும் போகும். என்ன, நிமிஷம் கெதியாக் கரையும்."

உஸ்பெக் பஞ்சாலையில் அப்போது காலை ஷிஃப்ட்; துர்சுனும் இப்போது அங்கேதான் வேலையாம். யாரோ எடுத்தார்கள், யாரையோ கத்திக் கூப்பிட்டார்கள். கடைசியில் துர்சுனின் குரல்: "யாரு?"

ரிமாஸுக்குத் தன் பெயரே வரவில்லை. பழைய வாசிப்புக் குரலில், "தோழர்களே, இன்றைய பத்திரிகை..." என்றான்.

மறுமுனையில் வெடிச்சிரிப்பு. "அடப்பாவி! உயிரோட இருக்கியா?"

"உன்னை என்ன பண்ணினாங்க?"

"ரெண்டு மாசம் அடைச்சு வெச்சாங்க. அங்கே பத்திரிகை வாசிக்க ஆளில்லை, நிம்மதியா இருந்துச்சு."

"துர்சுன், உனக்கு நான் எப்படி நன்றி..."

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கட்டு என்ன கனம் தெரியுமாடா? ஒண்ணையாவது நீ ரயில்ல கொண்டுபோயிருக்கலாம்!"

இன்னும் ஒரு நிமிடம்தான் என்று கார்டில் பதிவான பெண்குரல் குறுக்கே சொன்னது. ரிமாஸ் சிரித்துக்கொண்டே அழுதான். அந்த நிமிடம் முழுக்க நன்றியைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை.

நகுலேஸ்வரன் அதற்குள் கோட்டுப் பையில் அடுத்த கார்டைத் தேடிக்கொண்டிருந்தார்.